பெட்டிக்குள் ஐயாயிரம் பாட்டு: காரவான் வாங்கலாமா, வேண்டாமா?

திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையே, செய்யாற்றின் கரையில் இருக்கும் ஊர் கலசப்பாக்கம். மேற்கே சவ்வாது மலை. ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கேதான் வருவார்.

இந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மகனுக்கு சென்னையில் வேலை. அப்பாவுக்கு எழுபது வயது. பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட். அதைப் போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவரும் கடையை மூடிவிட்டார். செல்போனில் பாட்டு தேடச் சொன்னால் அப்பாவுக்கு எரிச்சல் வருகிறது. பாட்டுக்கு நடுவே விளம்பரம், விளம்பரத்துக்கு நடுவே யாரோ கூப்பிடும் அழைப்பு! பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு சரிகம காரவான் ஒன்று வாங்கி வரலாமா என்று மகன் யோசிக்கிறான். அம்மா "எதுக்குடா வீண் செலவு?" என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி சின்னதுதான். ஆனால் இதே கேள்வி தமிழ்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய நூறு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கிறது. கிராமபோன் வாங்கலாமா? டிரான்சிஸ்டர் வாங்கலாமா? டூ-இன்-ஒன் வாங்கலாமா? வாக்மேன்? ஐபாட்? ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பெட்டியின் முன்னால் நின்று பர்ஸைத் தடவிப் பார்த்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் கலசப்பாக்கத்து மகனுக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

சாவி கொடுத்தால் பாடும் பெட்டி

எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். பத்து வருடம் கழித்து எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டில் ஒலியைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஆள் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். 1908-ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்துவிட்டது. அந்தத் தட்டுக்கு முக்கியமான மூலப்பொருள் எது தெரியுமா? நம்ம ஊர் அரக்கு!

தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். மூன்று மணி நேரம் கச்சேரி செய்த வித்வான்கள் மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தைப் பாடி முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் சினிமாப் பாட்டு நாலு நிமிடத்தைச் சுற்றியே இருப்பதற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம்.

கையில் தூக்கிப் போகும் முதல் இசைப்பெட்டி என்று இந்தியாவில் பலருக்குத் தெரிந்தது எச்எம்வி 102. இது 1931-ல் வந்தது. மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகி, பிறகு மெல்ல அவிழ்ந்து தட்டைச் சுழற்றும். மின்சாரமே வராத கிராமங்களில் அதுதான் பெரிய சௌகரியம். ஆனால் எஃகு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டு தேயும். ஆக, பெட்டி வாங்கினால் செலவு முடியவில்லை, அங்கேதான் ஆரம்பம்! ஊசி, தட்டு, மறுபடி ஊசி...

தமிழ்நாட்டில் இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஏவி.மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு இசைத்தட்டு வியாபாரிதான். 1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' நடத்தினார். ஏவிஎம் என்ற பெரிய மரத்தின் விதை ஒரு இசைத்தட்டுக் கடை.

ஆனால் சாதாரண விவசாயி வீட்டில் கிராமபோன் இல்லை. அது பண்ணையார் வீட்டுத் திண்ணையில் பாடும், மற்றவர்கள் தெருவில் நின்று கேட்பார்கள். பிறகு மைக் செட்காரர் வந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மூங்கில் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி இசைத்தட்டு போடுவார். 'திருவிளையாடல்' (1965) படத்தின் வசனத்தைத் தியேட்டரில் பார்த்ததைவிடக் குழாய் ஸ்பீக்கரில் அதிகம் கேட்டவர்கள் உண்டு. காசு கொடுத்தது ஒரு வீடு, கேட்டது ஊர் முழுக்க.

டிரான்சிஸ்டர்: தோளில் தொங்கிய ஊர்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோ 49.95 டாலருக்கு வந்தது. அடுத்த வருடமே ஜப்பானில் சோனி தன் டிரான்சிஸ்டர் ரேடியோவை விற்க ஆரம்பித்தது. வால்வு ரேடியோவுக்கு கரண்ட் வேண்டும், சூடேற வேண்டும், நகர்த்தக் கூடாது. டிரான்சிஸ்டருக்கு நாலு பேட்டரி கட்டை போதும்.

அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்! தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை இது இருந்தது. இன்றைய மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பாட்டு என்று எடுத்துக்கொண்டால் ரேடியோவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைக் கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பினார்கள். இலங்கை வானொலி! மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் குரலே தமிழ்நாட்டில் நட்சத்திர அந்தஸ்து பெற்றது. டெல்லியும் கடைசியில் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதி தொடங்கியது.

டிரான்சிஸ்டர் பாட்டுக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர் பக்கம் பரவியபோது விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியில் கேட்டு விதைத்த நெல் அது. ஆகவே "பாட்டு கேட்க எதுக்குச் செலவு?" என்று கேட்ட பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சொல்ல ஒரு நல்ல பதில் கிடைத்தது!

டிரான்சிஸ்டரில் ஒரே ஒரு குறை. பிடித்த பாட்டை எப்போது போடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டு இன்னும் அரை மணி நேரம் இழுக்கலாம். ஆனால் அந்த அரை மணியில் எந்தப் பாட்டு வரும் என்பதை நிலையம்தான் முடிவு செய்யும்.

கேசட்: பாட்டு கைக்கு வந்தது

அந்தக் குறையைத் தீர்த்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தியது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு செய்தது. இந்தியாவில் அது உண்மையாகப் பரவியது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது கையில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில்! சென்னையில் இருந்தவர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினார்கள்.

இளையராஜாவின் 'அன்னக்கிளி' 1976-ல் வந்தது. கேசட்டும் அவர் பாட்டும் சேர்ந்தே வளர்ந்தன என்று சொன்னால் தப்பில்லை. டீக்கடை, டவுன் பஸ், சலூன், மினி லாரி, எங்கே பார்த்தாலும் கேசட். இசைத்தட்டு அச்சடிக்கப் பெரிய தொழிற்சாலை வேண்டும். கேசட்டை ஒரு சின்ன அறையில் இரண்டு டெக் வைத்துப் பதிவு செய்துவிடலாம். அதனால் பல பத்தாண்டுகளாக இந்திய இசைத்தட்டுச் சந்தையில் கோலோச்சிய எச்எம்வியின் பிடி தளர்ந்தது. புதுப்புது கம்பெனிகள் முளைத்தன. ஐயப்பன் பாட்டு, மாரியம்மன் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் கேசட்டில் ஏறின.

ஊருக்கு ஊர் கேசட் பதிவுக்கடை இருந்தது. அறுபது நிமிட வெற்று கேசட்டை வாங்கி, ஒரு துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பதிமூன்று பாட்டை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். தாத்தாவின் தட்டில் என்ன பாட்டு என்பதைக் கம்பெனி தீர்மானித்தது. அப்பாவின் டிரான்சிஸ்டரில் நிலையம் தீர்மானித்தது. அந்தத் துண்டுச் சீட்டில்தான் முதல்முறையாகக் கேட்பவனே தீர்மானித்தான்! சட்டப்படி அது சரியில்லை என்பது வேறு விஷயம்.

ரீல் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றியதும், அறுந்த நாடாவை செல்லோ டேப் போட்டு ஒட்டியதும் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். கலசப்பாக்கத்துப் பரணில் இருக்கும் அட்டைப்பெட்டி அந்தக் காலத்து மிச்சம்.

வாக்மேன்: காதுக்குள் சுவர்

சோனி 1979 ஜூலை 1 அன்று டிபிஎஸ்-எல்2 என்ற வாக்மேனை 33,000 யென் விலைக்கு விற்பனைக்கு விட்டது. பதிவு செய்ய முடியாத டேப்பை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகப்பட்டார்கள். முதலில் தயாரித்த 30,000 பெட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தன.

அந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்ற பயம்தான் காரணம்! நடுவில் பேச வேண்டுமானால் அழுத்த ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தானும் உண்டு. சீக்கிரமே இரண்டாவது துளையும் அந்தப் பொத்தானும் காணாமல் போயின. தெருவே சேர்ந்து கேட்ட பாட்டு, வீட்டுக்குச் சுருங்கி, கடைசியில் ஒருவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாக்மேன் டூ-இன்-ஒன் அளவுக்குப் பரவவில்லை. விலை ஒரு காரணம். இன்னொன்று, நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கேட்கும் பெட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

எம்பி3-யும் மெமரி கார்டும்

1998-ல் கொரியாவின் எம்பிமேன் வந்தது. 32 எம்பி நினைவகம், எட்டுப் பாட்டுக்கு மேல் போவது கஷ்டம். 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 5 ஜிபி, ஆயிரம் பாட்டு, விலை 399 டாலர். தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்கள் அதைப் பத்திரிகையில் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கையில் இருந்தது நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடியும், பென் டிரைவ் மாதிரி இருந்த சீன பிளேயரும்தான்.

பிறகு செல்போனே பிளேயர் ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. ரீசார்ஜ் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்தால் புதுப்பாட்டு, பழைய பாட்டு என்று ஏற்றித் தந்தார்கள். கேசட் பதிவுக்கடையின் மறுபிறவி!

அதோடு தனிப் பெட்டிகளின் காலம் முடிய ஆரம்பித்தது. சோனி 2010-ல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனையை நிறுத்தியது. ஆப்பிள் 2022 மே மாதம் ஐபாடுக்கு விடை கொடுத்தது.

காரவான்: பழைய கம்பெனியின் புதுப் பெட்டி

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இண்டர்நெட் மலிவானது. உலகத்துப் பாட்டெல்லாம் போனில் கிடைக்கிறது. இனி யார் பாட்டுப்பெட்டி வாங்குவார்கள்? சரியாக அந்த நேரத்தில், 2017-ல், இண்டர்நெட்டே வேண்டாத ஒரு பெட்டியை சரிகம கொண்டுவந்தது. பழைய ரேடியோ போன்ற உருவம், திருகுவதற்குப் பெரிய குமிழ், உள்ளே ஐயாயிரம் இந்திப் பாட்டு. சுமார் ஆறாயிரம் ரூபாய். அது லட்சக்கணக்கில் விற்றது! தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் தனித்தனிப் பெட்டிகள் வந்தன.

சரிகம யார்? 2000-ல் பெயர் மாற்றிக்கொண்ட பழைய கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாதான். தாத்தா காலத்தில் நாய்ப்படம் போட்ட தட்டை விற்ற அதே நிறுவனம். கேசட் வந்து பறித்துக்கொண்ட வாடிக்கையாளரை நாற்பது வருடம் கழித்துத் தன் பழைய சரக்கை வைத்தே திரும்பப் பிடித்தது. வயதானவர்களுக்குத் தேடத் தெரியாமல் இல்லை, தேட விருப்பமில்லை என்பதை அது புரிந்துகொண்டது. ரேடியோ மாதிரி திருகினால் பாட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, வாங்கலாமா?

இந்த நூறு வருடக் கதையில் பெட்டிகள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை.

முதல் கேள்வி, உள்ளே இருக்கும் பாட்டு யாருடையது? காரவானில் இருப்பது அந்த நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாட்டுகள். ஐயாயிரம் என்றால் எல்லாப் பாட்டும் என்று அர்த்தம் இல்லை. ஐம்பது, அறுபதுகளின் பாட்டில் அதன் கையிருப்பு பெரியது. எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பெரும்பகுதியை எக்கோ போன்ற வேறு கம்பெனிகள் வெளியிட்டன. அந்த உரிமைகளுக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட வழக்குகளே நடந்தன. அதனால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். மனிதனுக்குக் கடைசிவரை கூட வருவது பெரும்பாலும் பதினெட்டு வயதில் கேட்ட பாட்டு. 2017-ல் எழுபது வயதானவருக்குப் பதினெட்டு வயது 1965-ல். 'திருவிளையாடல்', 'ஆயிரத்தில் ஒருவன்', 'எங்க வீட்டுப் பிள்ளை' எல்லாம் வந்த வருடம். டி.எம்.எஸ்., சுசீலா, விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலம். அவருக்கு இந்தப் பெட்டி பொருந்தும். அதே 2017-ல் ஐம்பது வயதானவருக்குப் பதினெட்டு வயது 1985-ல். 'முதல் மரியாதை', 'சிந்து பைரவி' வந்த வருடம். அவர் தேடும் பாட்டு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, இல்லாத பாட்டுக்கு வழி உண்டா? காரவானின் உள்ளே இருக்கும் பாட்டை அழிக்கவோ அதில் புதிதாகச் சேர்க்கவோ முடியாது. ஆனால் யூஎஸ்பி துளையும் ப்ளூடூத்தும் எஃப்எம்மும் உள்ள மாடல்கள் உண்டு. ஒரு பென் டிரைவில் அப்பாவுக்குப் பிடித்த இருபது பாட்டை ஏற்றிச் செருகிவிட்டால் அந்தப் பழைய துண்டுச் சீட்டு திரும்ப வந்துவிடும்!

மூன்றாவது, சக்தி. ஸ்பிரிங்குக்குக் கை போதும். டிரான்சிஸ்டருக்குக் கட்டை போதும், அது பெட்டிக்கடையில் கிடைக்கும். காரவானுக்கு சார்ஜ் வேண்டும். ஒருமுறை ஏற்றினால் சுமார் ஐந்து மணி நேரம். கலசப்பாக்கத்து வீட்டுக்கு அது தாராளம். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. வாங்கும் முன் பழுது பார்க்கும் இடம் எங்கே என்று கேட்டுக்கொள்வது நல்லது. டேப் ரெக்கார்டர் செத்தது பாட்டு தீர்ந்ததால் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லாமல் போனதால்.

நான்காவது, விலை. 2017-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் கூலி நாளுக்கு இருநூறு ரூபாய் சொச்சம். ஆறாயிரம் என்றால் ஏறக்குறைய முப்பது நாள் கூலி. அம்மா "வீண் செலவு" என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே பாட்டெல்லாம் ஒரு மெமரி கார்டிலும் சின்ன ஸ்பீக்கரிலும் அடங்கும். கண் நன்றாகத் தெரிந்து, சின்னப் பொத்தானை அழுத்தும் பொறுமையும் இருந்தால் அதுவே போதும். சில நூறு பாட்டு மட்டும் உள்ள விலை குறைந்த மினி மாடல்களும் வந்தன.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. யார் கேட்கப்போகிறார்கள்? போனும் இயர்போனும் ஒருவருக்கு. காரவான் கூடத்தில் உட்கார்ந்து பாடும் பெட்டி. அப்பா திருகினால் அம்மாவுக்கும் கேட்கும், பேரனுக்கும் கேட்கும், திண்ணையில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும். பண்ணையார் வீட்டு கிராமபோனும், மைக் செட்டும், டீக்கடை டிரான்சிஸ்டரும் செய்த வேலை அதுதான்.

ஆக முடிவு இது. அப்பாவின் பதினெட்டு வயது அறுபதுகளில் இருந்தால், வீட்டில் நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள் என்றால், வாங்கலாம். அது எண்பதுகளில் இருந்தாலோ, அவர் தனியாகக் கேட்பவராக இருந்தாலோ, மெமரி கார்டும் ஸ்பீக்கரும் போதும், மிச்சக் காசில் அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கலாம். எதை வாங்குவதாக இருந்தாலும் முதல் வேலை பரணில் ஏறி அந்த அட்டைப்பெட்டியை இறக்குவது. ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் அப்பா தன் கையெழுத்தில் பாட்டுப் பெயர்களை எழுதி வைத்திருப்பார். அவருக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.